பட்டியலுக்குக் கவலையில்லை, எனக்கு இருக்கிறது

(தலைப்பு: எங்கும் முளைக்கும் செடிக்கும் காவல் தேவையா? ‘தேவையே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “ஐயா, இது உலகச் சிவப்புப் பட்டியல். இதில் கரிசலாங்கண்ணிக்கு என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ‘கவலை மிகக் குறைவு’ என்று போட்டிருக்கிறது. கோரைக்கும் அதேதான். உலகமே கவலைப்படாத செடிக்கு இந்தப் பேராசிரியர் எதற்காகக் கவலைப்படுகிறார்? புலிக்கு அழலாம், யானைக்கு அழலாம், கோரைக்கு அழலாமா?” என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகப் பேசுகிறவரை எந்த அணியில் இருந்தாலும் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் முறை வரும்போது யாரும் தட்ட மாட்டார்கள். (சிரிப்பு)

அவர் சொன்ன செய்தி உண்மை. ஐ.யு.சி.என். என்று ஓர் அமைப்பு. 1948-இல் தொடங்கியது, தலைமையகம் சுவிட்சர்லாந்தில். அவர்கள் 1964 முதல் இந்தச் சிவப்புப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். இதுவரை 1,60,000-க்கும் மேற்பட்ட உயிரினங்களை எடைபோட்டிருக்கிறார்கள். அவற்றில் 45,000-க்கும் மேற்பட்டவை அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்கிறார்கள். அற்றுப்போனவை, காட்டில் அற்றுப்போனவை, மிக ஆபத்தில் இருப்பவை, ஆபத்தில் இருப்பவை, ஆபத்துக்கு ஆளாகக்கூடியவை, ஆபத்தை நெருங்குபவை, கடைசியாகக் கவலை மிகக் குறைந்தவை. இப்படிப் படிப்படியாக ஓர் ஏணி. நம் கரிசலாங்கண்ணி அந்தக் கடைசிப் படியில், நிழலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நடுவர் அவர்களே, அந்த ஏணியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் நூறு நோயாளிகள் இருந்தால் நர்ஸம்மா முதலில் எந்தப் படுக்கைக்கு ஓடுவார்? மூச்சு முட்டுகிறவர் படுக்கைக்குத்தானே! சளி பிடித்தவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்வார். அது தர்மம். கையில் இருக்கும் பணமும் ஆளும் கொஞ்சம். அவை முதலில் சாகக்கிடக்கும் உயிருக்குத்தான் போக வேண்டும். இதுவரை நான் பேசியதெல்லாம் எதிரணிக்காக. பயப்படாதீர்கள் நடுவர் அவர்களே, அணி மாறவில்லை. (சிரிப்பு)

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். “உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்த மனுஷனைப் பார்த்து மனைவி, “உங்களுக்குத்தான் ஒன்றுமில்லையே, இனிமேல் உங்களுக்குச் சோறு எதற்கு?” என்று கேட்டால் அது நியாயமா? டாக்டர் சொன்னது, இன்றைக்கு இவருக்கு ஆபத்தில்லை என்பது. அம்மா புரிந்துகொண்டது, இவரை இனிமேல் கவனிக்க வேண்டாம் என்பது. ‘கவலை மிகக் குறைவு’ என்ற சொல்லை எதிரணி இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறது. அது ஒரு செய்தி. நீங்கள் அதை அனுமதிச் சீட்டாக ஆக்கிவிட்டீர்கள்! (கைதட்டல்)

இன்னும் ஒன்று. அந்தப் பட்டியல் எதை அளக்கிறது என்று சகோதரி சொல்லவில்லை. அது உலகம் முழுவதையும் ஒரே வயலாக வைத்து அளக்கிறது. பத்தாண்டுகளிலோ அந்த உயிரின் மூன்று தலைமுறைகளிலோ, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள், உலகத்தில் இருக்கும் மொத்தத் தொகையில் 30 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். அல்லது அது பரவியிருக்கும் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கி, மேலும் சிதைந்துகொண்டிருக்க வேண்டும். இப்படிச் சில அளவுகோல்கள். அதற்குள் வந்தால்தான் ஆபத்துப் படியில் ஏற்றுவார்கள்.

தமிழ்நாட்டின் பரப்பு எவ்வளவு? ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி முதல் கன்னியாகுமரி வரை ஒரு கரிசலாங்கண்ணிகூட இல்லாமல் போய்விட்டது. பட்டியலில் என்ன மாறும்? ஓர் எழுத்துகூட மாறாது! ஆசியாவில் இருக்கும், ஆப்பிரிக்காவில் இருக்கும், அமெரிக்காவில் இருக்கும். பட்டியல் சொல்லும், ‘கவலை மிகக் குறைவு’ என்று. பட்டியல் சொல்வது பொய்யில்லை. ஆனால் நம் கொல்லையில் செடி இருக்காது. உலகத்துக்குக் கவலையில்லை என்பதும் எனக்குக் கவலையில்லை என்பதும் ஒன்றல்ல என்பதுதான் எங்கள் அணியின் வாதம்.

கற்பனைதானே என்பீர்கள். நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காவிரிப் பாசனத்து ஊர். என் தாயாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. என் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. கொள்ளுப்பேத்திக்குத் தன் கையால் மை கூட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. பழைய முறை உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்து, உலர்த்தி, அதைத் திரியாகத் திரித்து விளக்கேற்றிப் புகைக்கரி பிடிப்பார்கள். டாக்டர், “குழந்தையின் கண்ணுக்குள் எதையும் தீட்டாதீர்கள்” என்று சொல்லிவிட்டார். அம்மாவும், “கண்ணுல வேணாம், கன்னத்துல ஒரு பொட்டு, அவ்வளவுதான்” என்று ஒப்புக்கொண்டார்.

“ஏம்ப்பா, வாய்க்கால் பக்கம் போயி ரெண்டு கை கரிசலாங்கண்ணி பறிச்சுட்டு வா” என்றார். இதென்ன பெரிய வேலை, சின்ன வயதில் காலால் மிதித்துக்கொண்டு நடந்த செடிதானே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வாய்க்காலுக்குப் போனேன். இரண்டு கரையும் சிமெண்டு. தண்ணீர் வீணாகக்கூடாது என்று பூசியிருக்கிறார்கள், நல்ல காரியம்தான். சரி, வரப்பில் இருக்கும் என்று வயலில் இறங்கினேன். அந்தக் காலத்தில் வரப்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கலாம். இப்போது வரப்பைச் செதுக்கிச் செதுக்கி, ஒரு பேராசிரியர் நடப்பதே சர்க்கஸ் மாதிரி இருக்கிறது. (சிரிப்பு) வரப்பு முழுதும் புல் பழுத்துச் சிவந்து கிடந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மாவைக் கேட்டேன். “இருந்துச்சுங்கய்யா. மருந்து அடிக்க ஆரம்பிச்சப்புறம் இந்தப் பக்கம் காணுங்க” என்றார்.

ஒரு மணி நேரம் அலைந்தேன். முனைவர் பட்டத்துக்குக்கூட நான் இவ்வளவு குனிந்து தேடியதில்லை. (சிரிப்பு) கடைசியில் டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் கரிசலாங்கண்ணிப் பொடி வாங்கிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தேன். அம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஏண்டா, இவ்வளவு படிச்சிருக்கியே, பொடியைப் பிழிஞ்சா சாறு வருமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எதிரணியிடம் பதில் இருக்கிறதா? சுவிட்சர்லாந்துப் பட்டியலில் அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் அம்மாவுக்கு இரண்டு கை இலை இல்லை!

“எங்கும் இருக்கிற செடி எங்கே போய்விடும்? இன்று இல்லாவிட்டால் நாளை முளைக்கும்” என்பார்கள். எங்கும் இருந்தது எங்கே போயிற்று என்று பாறுக் கழுகைக் கேளுங்கள். 1980-களில் இந்தியாவில் மாடு செத்த இடமெல்லாம் அது கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். வெண்முதுகுப் பாறு உலகத்திலேயே மிகுதியாக இருந்த பெரிய வேட்டைப் பறவைகளில் ஒன்று என்று எண்ணியிருந்தார்கள். யாரும் அதற்காகக் கவலைப்படவில்லை. 1990-களில் விழ ஆரம்பித்தது. 2000-ஆம் ஆண்டில் ‘மிக ஆபத்தில்’ என்ற படிக்கு வந்துவிட்டது. ஏணியின் கீழ்ப்படியிலிருந்து உச்சிக்கு அருகே! காரணம் என்ன? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. 2004-இல் காரணம் உலகத்துக்குத் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தரக்கூடாது என்று இந்தியா தடை செய்தது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. இன்று தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும்.

“அது பறவை ஐயா, நாம் பேசுவது களை” என்பீர்களா? களைக்கே வருகிறேன். பிரிட்டனில் ‘கார்ன்காக்கிள்’ என்று ஒரு செடி. ஊதாப்பூ பூக்கும். 19-ஆம் நூற்றாண்டில் கோதுமை வயலில் அது இல்லாத இடமில்லை. உழவருக்குப் பெரிய தொல்லை. அதன் விதை நஞ்சு. கோதுமையோடு கலந்து அரைத்தால் மாவு கெட்டுப்போகும். அதனால் விதையைச் சலித்துச் சுத்தம் செய்தார்கள். தப்பே இல்லை. பிறகு களைக்கொல்லியும் சேர்ந்துகொண்டது. 20-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வயலில் தானாக முளைக்கும் கார்ன்காக்கிள் அங்கே ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எந்தப் பூவை ஒழிக்கத் தாத்தா பாடுபட்டாரோ அதே பூவின் விதையைப் பேரன் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்தில் தூவுகிறான். களை என்றாலே சாகாவரம் வாங்கியது என்று நினைக்காதீர்கள்!

இன்னொரு நியாயமும் பாக்கி இருக்கிறது. எதிரணித் தலைவர் கெட்டிக்காரர். அவர் இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். “செடி முழுதாக அழியாவிட்டால், கொஞ்சம் குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும்?” என்பார். பதில் அமெரிக்காவில் இருக்கிறது.

அங்கே ‘மில்க்வீட்’ என்று ஒரு செடி. பெயரே பால்களை. கிள்ளினால் பால் வரும். சோள வயலிலும் சோயா வயலிலும் சாலையோரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும். அங்கே ‘மோனார்க்’ என்று ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி. அதன் புழுவுக்கு அந்தப் பால்செடிகளின் இலையைத் தவிர வேறு உணவு கிடையாது. வேறு எதைக் கொடுத்தாலும் தின்னாது. நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி! (சிரிப்பு) குளிர்காலம் வந்தால் அந்தப் பூச்சி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெக்சிகோ மலைக்காட்டுக்குப் போகும். அங்கே மரமே தெரியாதபடி மொய்த்துக்கொண்டு தொங்கும். எண்ண முடியாது, அதனால் எத்தனை பரப்பு மரங்களில் மொய்த்திருக்கிறது என்று அளப்பார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர். 2013-14 குளிர்காலத்தில் எவ்வளவு தெரியுமா? 0.67 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர்கூட இல்லை!

இடையில் என்ன நடந்தது? 1996 முதல் களைக்கொல்லி அடித்தாலும் சாகாத சோயாவும், தொடர்ந்து சோளமும் வந்தன. வயல் முழுதும் மருந்தடிக்கலாம். பயிர் நிற்கும், மற்றதெல்லாம் கருகும். 1999 முதல் 2010 வரை அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பால்செடி 58 விழுக்காடு குறைந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். காடு வெட்டியது, பருவநிலை மாறியது என்று வேறு காரணங்களும் சொல்கிறார்கள். ஆனால் புழுவின் சோற்றில் கை வைத்தது பெரிய காரணம். 2022-இல் அந்த வலசைப் பூச்சியை ‘ஆபத்தில்’ என்று அறிவித்தார்கள். 2023-இல் கணக்கைத் திருத்தி ‘ஆபத்துக்கு ஆளாகக்கூடியது’ என்று ஒரு படி இறக்கினார்கள். இன்னும் ஆபத்துப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது.

கவனியுங்கள். செடி அழியவில்லை. அமெரிக்காவில் இன்றும் ஏராளமாக இருக்கிறது. செடி குறைந்தது, அவ்வளவுதான். செடி சும்மாதான் இருக்கிறது. அதை நம்பிய உயிர் பட்டியலில் ஏறிவிட்டது! அரிய செடி அழிந்தால் ஓர் அரிய செடி போகும். எளிய செடி குறைந்தால் அதை நம்பிய குடும்பமே பட்டினி கிடக்கும். ஊரில் பெரிய பணக்காரர் வீட்டில் ஒருநாள் அடுப்பெரியாவிட்டால் ஊருக்குத் தெரியாது. தெருமுனை இட்லிக்கடை ஆயா ஒருநாள் கடை திறக்காவிட்டால் தெருவே தவிக்கும். களை என்பது உயிர்களின் இட்லிக்கடை, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பீர்களா? அந்தப் பால்செடிக்கு நம் ஊரில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பெயர் எருக்கு. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்த மோனார்க் பூச்சிக்கும் இங்கே ஒரு பங்காளி உண்டு. பெயர் வெந்தய வரியன். இரண்டும் ஒரே பேரினம். வெந்தய வரியன் எருக்க இலையில் முட்டை வைக்கும்; புழு அந்த இலையைத் தின்று வளரும். நாம் சின்ன வயதில் மொட்டை நசுக்கி ‘டப்’ என்று வெடிக்க வைத்த அதே எருக்கு. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டும் அதே எருக்கு. ‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்று நாம் வசவாக்கிவிட்ட அதே எருக்கு!

தமிழ் படித்தவன் இங்கே கபிலரைச் சொல்லாமல் போனால் வேலையைவிட்டே தூக்கிவிடுவார்கள். புறநானூற்றில் 106-ஆம் பாட்டு. பாரியின் கொடையைச் சொல்ல வந்த கபிலர், முல்லையையோ தாமரையையோ தேடவில்லை. எருக்கம்பூவை எடுக்கிறார். யாரும் பெரிதாக மதிக்காத அந்தப் பூவை ஒருவர் கொண்டுபோய் வைத்தாலும் தெய்வம் வேண்டாம் என்று ஒதுக்காது. அதுபோல எளியவர் போனாலும் பாரி ஒதுக்க மாட்டான் என்பது பாட்டின் கருத்து. தெய்வத்துக்கு வேண்டும், பாரிக்கு உவமையாக வேண்டும், எதிரணிக்கு மட்டும் வேண்டாமா? (கைதட்டல்)

உழவர் பெருமக்கள் என்மேல் கோபப்படக்கூடாது. வயலுக்குள் களையை விட்டுவையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கதிரைக் களை தின்றால் நாம் எதைத் தின்பது? நாள் முழுதும் இடுப்பொடியக் குனிந்து களை பறித்த தாய்மார்கள் வலியும் எனக்குத் தெரியும்; என் தாயாரே பறித்தவர். பார்த்தீனியத்தையும் சீமைக்கருவேலத்தையும் சீராட்டச் சொல்லவில்லை. அவை அயல்நாட்டிலிருந்து வந்து மற்றச் செடிகளை மூச்சுமுட்டச் செய்கிறவை. அவற்றை எடுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது கொஞ்சம்தான். வயலுக்குள் பறியுங்கள், வரப்பில் விடுங்கள். வாய்க்காலைப் பூசுங்கள், கரையோரம் ஒரு முழம் மண்ணாக விடுங்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மூலையைச் செதுக்காமல் விடுங்கள்.

இன்னும் ஒன்று. உலகப் பட்டியல் நம் ஊரைப் பார்க்காது என்றேன். நம் ஊருக்கு நாமே பட்டியல் எழுதச் சட்டம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ எழுத வேண்டும். எங்கள் ஊரில் என்ன செடி இருக்கிறது, என்ன பெயர், எதற்குப் பயன், எது குறைந்துவிட்டது என்று ஊர்மக்களைக் கேட்டு எழுதுகிற ஏடு. அந்த ஏட்டில் புலி இருக்காது. கரிசலாங்கண்ணி இருக்கும். சொல்வதற்கு எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவசரம் செடிக்கு மட்டுமில்லை, நடுவர் அவர்களே.

அம்மா கதையை முடித்துவிடுகிறேன். பொடிப் பொட்டலத்தோடு நான் திட்டு வாங்கிய மறுநாள், பள்ளிக்கூடத்துக் கைபம்பு பக்கம் தண்ணீர் தேங்கும் இடத்தில் நாலு செடி இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொன்னான். வெள்ளைப் பூவோடு, தரையோடு தரையாக. மூன்றை அங்கேயே விட்டுவிட்டு ஒன்றை வேரோடு எடுத்து வந்தேன். அம்மா அதைப் பறித்துச் சாறு பிழியவில்லை. “ஒண்ணே ஒண்ணுதானா?” என்று கேட்டுவிட்டு, கொல்லையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டார். மை அடுத்த கொள்ளுப்பேத்திக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

ஆயுள் முழுதும் களை பறித்த கை அது. இன்று சாயந்தரமானால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அந்தக் களைக்கு ஊற்றுகிறது. காவல் தேவையா என்று கேட்டீர்களே, காவல் என்றால் துப்பாக்கியா? வேலியா? அந்த ஒரு சொம்புத் தண்ணீர்தான் காவல். அது தேவை, தேவை, தேவையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)